முதல் புதன்கிழமை: புதிய பிரிட்டிஷ் பிரதமர்கள் சறுக்கும் இடங்கள்

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி. பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம். லண்டனில் பிரிட்டிஷ் மக்களவை நிரம்பி வழிகிறது. உறுப்பினர்கள் 650 பேர், இருக்கைகளோ 427தான். இடம் கிடைக்காதவர்கள் வாசலிலும் படிகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சபாநாயகர் ஒரு பெயரை அழைக்க, அந்த உறுப்பினர் எழுந்து "கேள்வி எண் ஒன்று" என்று மட்டும் சொல்கிறார். பிரதமர் எழுந்து, காலையில் அமைச்சர்களையும் மற்றவர்களையும் சந்தித்ததாகவும், அவைக் கடமைகள் போக இன்று இன்னும் சில சந்திப்புகள் இருப்பதாகவும் ஒப்பிக்கிறார். ஆண்டாண்டு காலமாக ஏறக்குறைய இதே வாசகம்தான்.

முதல்முறை பார்ப்பவருக்கு இது வெறும் சடங்காகத் தோன்றும். ஆனால் ஆட்டத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. எழுத்தில் கொடுத்த கேள்வி "இன்று உங்கள் அலுவல்கள் என்னென்ன?" என்பது. மருத்துவமனை, வரி, ராணுவம் என்று குறிப்பாகக் கேட்டால், "அது அந்தத் துறை அமைச்சருக்கு" என்று தள்ளிவிட வழி உண்டு. சொந்த நாட்குறிப்பை யார் தலையில் கட்ட முடியும்? அதனால் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு, துணைக் கேள்வியாக எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பிரதமருக்கு உறுதியாகத் தெரிந்த கேள்வி அந்த முதலாவது மட்டுமே. அதற்குப் பிறகு வருவதைப் பெரும்பாலும் ஊகித்துத்தான் தயாராக வேண்டும்.

1961இல் ஹரால்ட் மேக்மில்லன் காலத்தில் செவ்வாயும் வியாழனும் பதினைந்து நிமிடம் என்று நிலைபெற்ற வழக்கம் இது. 1997இல் டோனி பிளேர் வந்ததும் இரண்டையும் சேர்த்துப் புதன்கிழமை அரை மணி நேரமாக்கினார். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி, மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. மற்றவர்கள் குலுக்கலில் பெயர் வந்தால் கேட்கலாம், அல்லது ஒவ்வொரு பதில் முடியும்போதும் எழுந்து நின்று சபாநாயகர் கண்ணில் பட்டால் கேட்கலாம்.

சரி, புதிதாக வந்த பிரதமர் எங்கே சறுக்குகிறார்?

"நான் வந்து ஐந்து நாள்தான் ஆகிறது"

என்னைக் கேட்டால், முதல் நாளில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு 'புதியவன்' என்று சலுகை கேட்பதுதான். அதற்கு கார்டன் பிரவுனைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

அவர் பிரதமரானது 2007 ஜூன் 27. இரண்டே நாளில் லண்டனில் வெடிகுண்டு வைத்த கார்கள் சிக்கின, மறுநாள் கிளாஸ்கோ விமான நிலையத்தில் தாக்குதல். அந்த நாட்களில் நிதானமாக நடந்துகொண்டார் என்று பாராட்டு இருந்தது. ஜூலை 4 அன்று முதல் கேள்வி நேரம். எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன், ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இஸ்லாமியவாத அமைப்பைத் தடை செய்வதாக அரசு 2005இலேயே சொல்லியும் ஏன் செய்யவில்லை என்று பிடித்துக்கொண்டார். ஆதாரம் வேண்டும் என்றார் பிரவுன். கேமரன் விடவில்லை. அப்போதுதான் பிரவுன் வாயில் அந்தச் சொல் வந்தது: தான் இந்தப் பதவிக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது என்பதை எதிர்க்கட்சித் தலைவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

எதிர்வரிசையில் ஒரே கூச்சல். பத்து ஆண்டுகள் அதே அரசில் நிதியமைச்சராக இருந்தவர் இப்படிச் சொன்னால் வேறென்ன நடக்கும்? முந்தைய வாரம்வரை உள்துறை அமைச்சராக இருந்த ஜான் ரீட் பின்வரிசையிலிருந்து எழுந்து, இந்த விஷயத்தைத் தாமே ஆராய்ந்ததாகவும் தடைக்கு ஆதாரம் போதவில்லை என்றும் சொல்லிக் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பிரவுன் சொல்லியிருக்க வேண்டிய பதிலே அதுதான். விவரம் கோப்பில் இருந்திருக்கும், அந்த நொடியில் நாக்குக்கு வரவில்லை.

இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது, பதில் தெரியாமல் போவது அங்கே பெரிய குற்றமில்லை என்பது. "அமைச்சரிடம் சொல்லி உறுப்பினரைச் சந்திக்கச் செய்கிறேன்" என்றால் முடிந்தது. தொகுதிச் சாலை, மூடப்போகும் மருத்துவமனைப் பிரிவு போன்ற கேள்விகளுக்கு எல்லாப் பிரதமர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். தெரியாததற்குக் காரணம் சொல்லத் தொடங்கும்போதுதான் வினை.

நேரடிப் பதில் என்னும் கண்ணி

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிரதமர்கள் மழுப்புகிறார்கள் என்றுதானே எல்லோரும் குறைப்படுகிறோம்? லிஸ் டிரஸ் மழுப்பவில்லை. 2022 செப்டம்பர் 6 அன்று பதவியேற்று மறுநாளே அவையில் நின்றார். எரிசக்தி நிறுவனங்களின் கொள்ளை லாபத்துக்குக் கூடுதல் வரி போடுவீர்களா என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் கெய்ர் ஸ்டார்மர் கேட்க, அந்த வரிக்குத் தான் எதிரானவர் என்று பட்டென்று சொல்லிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரே என்று பலருக்கும் வியப்பு. அன்று அவர் நன்றாகவே செய்தார் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் இரண்டாம் எலிசபெத் அரசி மறைந்தார். அதன் பிறகு டிரஸ்ஸின் அடுத்த கேள்வி நேரம் அக்டோபர் 12. இடையில், செப்டம்பர் 23 அன்று, எங்கிருந்து பணம் வரும் என்று சொல்லாமல் வரிகளைக் குறைத்த அந்த மினி பட்ஜெட் வந்து சந்தையைக் கலக்கியிருந்தது. அரசின் செலவைக் குறைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியில் நிற்கிறீர்களா என்றார் ஸ்டார்மர். "நிச்சயமாக" என்றார் டிரஸ். அதே பட்டென்ற பதில்தான். ஐந்து நாள் கழித்துப் புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் மினி பட்ஜெட்டின் பெரும்பகுதியைக் கிழித்துப் போட்டார், செலவுக் குறைப்பும் பேச்சில் வந்துவிட்டது. அக்டோபர் 19 அன்று, தான் போராடுபவள், விட்டு ஓடுபவள் அல்ல என்று அவையில் முழங்கினார். 20ஆம் தேதி ராஜினாமா. மொத்தம் மூன்றே புதன்கிழமைகள்.

அதற்காக மழுப்பினால் பிழைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அந்த அவையில் பிரதமர் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொன்னால், அந்த நொடியே அது அரசின் கொள்கை. டிரஸ்ஸுக்குப் பின் வந்த ரிஷி சுனக், 2022 அக்டோபர் 26 அன்று தன் முதல் கேள்வி நேரத்தில், பாறையுடைத்து எரிவாயு எடுப்பதைப் பற்றி பசுமைக் கட்சி உறுப்பினர் கேட்டபோது, தேர்தல் அறிக்கையில் சொன்னதில் நிற்கிறேன் என்றார். ஒரே வாக்கியம். டிரஸ் அரசு நீக்கியிருந்த தடை அதோடு திரும்பி வந்தது. யோசித்துச் சொன்னால் அரை வரியில் அரசாணையே போடலாம்.

தவறு முந்தைய நாளே நடந்திருக்கும்

அதே நாளில் சுனக் வாங்கிய அடிக்குக் காரணம் பேச்சுத் திறமைக் குறைவு அல்ல. உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், அரசு ஆவணத்தைச் சொந்த மின்னஞ்சலில் அனுப்பியதற்காக அக்டோபர் 19 அன்று பதவி விலகியவர். ஆறே நாளில் சுனக் அவரை அதே நாற்காலியில் உட்கார வைத்தார். ஸ்டார்மர் கேட்டது எளிய கேள்வி: அவர் போன வாரம் பதவி விலகியது சரிதானா? சரி என்றால் ஏன் திரும்ப எடுத்தீர்கள் என்று வரும். தவறு என்றால் பாதுகாப்பு விதியையே அலட்சியம் செய்ததாகும். அவர் தவறை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சுனக் சமாளித்தார். இப்படிப்பட்ட கேள்விக்கு எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் நல்ல பதில் கிடையாது. அமைச்சரவைப் பட்டியல் எழுதும்போதே புதன்கிழமையை நினைத்திருக்க வேண்டும்.

போரிஸ் ஜான்சன் விஷயத்தில் இன்னும் பின்னால் போக வேண்டும். 2019 செப்டம்பர் 4, அவருடைய முதல் கேள்வி நேரம். முந்தைய இரவுதான் வாக்கெடுப்பில் தோற்று, எதிர்த்து ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சியினர் 21 பேரை வெளியே தள்ளியிருந்தார். அன்று ஸ்லவ் தொகுதியின் தன்மன்ஜீத் சிங் தேசி தலைப்பாகையோடு எழுந்தார். சிறு வயதிலிருந்து தானும் தன்னைப் போன்றவர்களும் கேட்ட வசவுகளைச் சொல்லி, முகத்திரை அணியும் முஸ்லிம் பெண்களைத் தபால்பெட்டிக்கு ஒப்பிட்டு எழுதியதற்கு எப்போது மன்னிப்புக் கேட்பீர்கள் என்றார். கைதட்டுவது அந்த அவையில் வழக்கமில்லை. அன்று எதிர்வரிசை கைதட்டியது. ஜான்சன் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கட்டுரை விருப்பப்பட்டதை அணியும் உரிமைக்காக எழுதியது என்று சொல்லி, பேச்சை எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் யூத வெறுப்புப் பிரச்சினைக்குத் திருப்பினார்.

எதிர்க்கட்சித் தலைவரின் ஆறு கேள்விக்கும் ஒத்திகை நடக்கும், பழைய எழுத்து வந்து நிற்கும் என்றும் யாராவது எச்சரித்திருப்பார்கள். ஆனால் எங்கோ பின்வரிசையிலிருந்து, வலியோடு, ஒருவர் எழுந்து கேட்பார் என்பதற்குக் கோப்பில் தாள் இருக்காது. வாதத்துக்குப் பதில் வாதம் சரி. வலிக்குப் பதில் வாதம் எடுபடாது.

சின்னச் சின்ன சறுக்கல்கள்

எதிர்க்கட்சித் தலைவரைப் பிரதமர் திருப்பிக் கேள்வி கேட்பது இன்னொன்று. இது பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம், எதிர்க்கட்சியிடம் அல்ல என்று சபாநாயகர் லிண்ட்சே ஹாயல் பலமுறை குட்டியிருக்கிறார். அதைவிட, ஆறாவது பதிலுக்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவரால் எழ முடியாது என்பதை மறந்துவிட்டு நல்ல வரிகளை முதல் பதில்களிலேயே கொட்டிவிடுவது புத்திசாலித்தனமில்லை. கடைசிச் சொல் எப்போதும் பிரதமருடையதுதானே.

எண்களிலும் கவனம் வேண்டும். பெருந்தொற்றுக்கு முன்பைவிட அதிகம் பேர் வேலையில் இருப்பதாக ஜான்சன் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் கூடியிருந்தது உண்மை, ஆனால் சுயதொழில் செய்பவர்களையும் சேர்த்தால் மொத்தம் குறைந்திருந்தது. புள்ளிவிவர ஆணையம் 2022இல் கடிதமே எழுதியது. அவையில் சொன்னதெல்லாம் அவையின் பதிவேடான ஹன்சார்டில் ஏறும். தெரிந்தே பொய் சொன்னால் பதவி போகும் என்பது அமைச்சர்களுக்கான விதி. ஊரடங்கு விருந்துகளைப் பற்றி 2021 டிசம்பரில் ஜான்சன் இதே புதன்கிழமைகளில் சொன்ன பதில்களை வைத்துத்தான், 2023 ஜூனில் மக்களவையின் உரிமைக் குழு அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று முடிவுக்கு வந்தது. முதல் நாள் பதற்றத்தில் உளறிவிட்டால் அன்றே திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்க்கிற நாம் செய்யும் தவறுகள்

யூடியூபில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதும் நமக்கும் சில உண்டு. சாய்ந்து கண்மூடிக் கிடக்கும் உறுப்பினர் தூங்குகிறார் என்று படம் போடுவார்கள். இருக்கையின் முதுகுப் பலகையில் சின்ன ஒலிபெருக்கி இருக்கிறது, இரைச்சலில் அதில் காதை வைத்தால்தான் பேச்சு கேட்கும். (சிலர் நிஜமாகவே தூங்கியிருக்கலாம், அது வேறு.) ஒவ்வொரு பதிலுக்கும் பலர் எழுவதைப் பார்த்து எதிர்ப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கேட்க வாய்ப்புத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், முதல் நாளை வைத்து ஜாதகம் கணிப்பது. 2016 ஜூலை 20 அன்று தெரசா மே, வேலையிடக் கொடுமைகள் பற்றி எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் கேட்டபோது, ஊழியர் பேச்சைக் கேட்காத, அவர்களிடம் இரண்டு மடங்கு வேலை வாங்குகிற, விதிகளைத் தன் பதவிக்காக வளைக்கிற முதலாளி யாரையாவது நினைவுபடுத்துகிறாரா என்று திருப்பிவிட்டார். கார்பின் கட்சிக்குள் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆளுங்கட்சி வரிசை குலுங்கிச் சிரித்தது, மறுநாள் தாட்சரோடு ஒப்பிட்டார்கள். அதே கார்பினை எதிர்த்து 2017இல் தேர்தல் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார் மே.

பிரதமராக ஸ்டார்மரின் முதல் நாள், 2024 ஜூலை 24, இதற்கு மறுபக்கம். எதிரே இருந்தது தோற்றுப்போன சுனக். உக்ரைனைப் பற்றிக் கண்ணியமாகக் கேட்டார், கண்ணியமாகப் பதில் வந்தது. மோதலே இல்லையே என்று பலர் சலித்துக்கொண்டார்கள். முந்தைய நாள்தான் இரண்டு குழந்தைக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சியினர் ஏழு பேரை ஸ்டார்மர் இடைநீக்கம் செய்திருந்தார். அதைத் தோண்டியது எதிர்க்கட்சித் தலைவர் அல்ல, ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் உறுப்பினர்.

அதனால் அடுத்த முறை ஒரு புதிய பிரதமர் எழும்போது அவர் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். எதிர்க்கட்சித் தலைவரின் நான்காவது ஐந்தாவது கேள்வியின்போது, பிரதமருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் யார் கைபேசியைக் குனிந்து பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.