மெல்போர்னிலிருந்து தக்கலைக்கு எத்தனை மணி நேரம்?

மெல்போர்னுக்குப் புதிதாக வரும் நம்ம குமரி மாவட்டக்காரர்கள் வாடகை வீடு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் முதல் வாரமே முடித்துவிடுகிறார்கள். ஊரில் ஏதாவது ஒன்று என்றால் வீட்டு முற்றத்தில் போய் நிற்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் அவசரம் வரும்வரை யாரும் கணக்குப் போடுவதில்லை, நானும் போடவில்லை.

நம்ம ஊருக்குப் பக்கத்து விமான நிலையமான திருவனந்தபுரத்துக்கும் மெல்போர்னுக்கும் வான்வழியில் சுமார் 8,700 கி.மீ. நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் 9,100 கி.மீ. வரும், பெரிய சுற்று இல்லை. தோஹா வழி டிக்கெட் சில சமயம் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் மேற்கே வளைகுடா வரை போய் மறுபடி கிழக்கே திரும்புவதால் தூரம் 15,000 கி.மீ. தாண்டிவிடும். அவசரத்துக்கு அது வேண்டாம்.

சிங்கப்பூர் வரை கிட்டத்தட்ட 8 மணி நேரம், அங்கிருந்து திருவனந்தபுரம் நாலரை. அப்பா தவறிய அன்று அக்கா போனில், "மக்கா, அடக்கத்த எத்தன மணிக்குன்னு ஃபாதர்கிட்ட சொல்லட்டு?" என்று கேட்டபோது இந்த இரண்டையும் கூட்டி, கொஞ்சம் சேர்த்து, "14 மணி நேரத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் 9 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போகும் நேரம், இறங்கியபின் குடியேற்ற வரிசை, அப்புறம் களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்து நெரிசல், எல்லாம் சேர்ந்து தக்கலை வந்து சேர 29 மணி நேரம் ஆனது. பந்தலில் பாதி நாற்காலி காலி. ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை அக்கா சேலை முந்தானையால் துடைத்துத் துடைத்து எனக்கு அப்பா முகத்தைக் காட்டினாள்.

அதனால் வீட்டிலிருந்து வீடு வரை கணக்கிடுங்கள். இடையில் 3 மணி நேரக் காத்திருப்புதான் என்றாலும் 22, 23 மணி நேரம் ஆகும். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால், அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை. ஊருக்குச் சொல்லும்போது இந்திய நேரத்திலேயே சொல்லுங்கள்.

இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் சிங்கப்பூரில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டிவரும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு விசா சிக்கல்.

இன்னொன்று, இதை இன்றைக்கே பாருங்கள். உங்களிடம் பிரிட்ஜிங் விசா ஏ (அடுத்த விசா விண்ணப்பம் முடிவாகும்வரை ஆஸ்திரேலியாவில் தங்கத் தரும் இடைக்கால விசா) மட்டும் இருந்தால், ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பியதும் அது போய்விடும், அதை வைத்துத் திரும்ப வர முடியாது. கிளம்பும் முன்பே, வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் விசா பி வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் உடம்புக்கு முடியாமல் இருந்தால், போன் வரும்வரை காத்திருக்காமல் அதற்கு இப்போதே விண்ணப்பித்து விடுங்கள்.