வீட்டில் கட்டிய இஞ்சின் மறுபடியும் போய்விட்டதா? முதலில் காரணம், அப்புறம் சாமான்

போர்ச்சில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டிய இஞ்சின், ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடியில் தட்ட ஆரம்பித்தால் மனம் விட்டுப்போகும். அந்த வேகத்தில் பலர் உடனே ஹாஃப்-கட் கடைக்கு (வெட்டி எடுத்த பழைய கார்ச் சாமான் விற்கும் கடை) போன் அடித்து இன்னொரு இஞ்சினுக்கு விலை கேட்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எது கெடுத்தது என்று தெரியாமல் புது சாமானைப் போட்டால், பழையதைக் கெடுத்ததே புதியதையும் கெடுக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் பிரித்த சாமான்களிலேயே பதிந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கோலாலம்பூர் வீடுகளில் அதிகம் கட்டப்படும் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன்: 4ஜி63 டர்போ இஞ்சின் ஏற்றிய புரோட்டான் வீரா, 4ஜி93 இஞ்சினோடு வந்த புரோட்டான் சத்ரியா ஜிடிஐ, பி16 இஞ்சின் ஏற்றிய பழைய ஹோண்டா சிவிக். அளவுகள் மாறும், முறை ஒன்றுதான்.

படி 1: நிறுத்துங்கள், மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்

ஆயில் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து கனமான தட்டல் கேட்டாலோ கிளட்சை மிதித்து, ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் நெரிசல் நேரமாக இருந்தாலும் சரி. "இன்னொரு தடவை சத்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம்" என்ற ஆசைதான் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். பேரிங் (கிராங்கைத் தாங்கும் மெல்லிய உலோகத் தகடு) மட்டும் போயிருந்தால் கிராங்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) காப்பாற்ற வழியுண்டு. ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.

வண்டி வரும்வரை போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), தண்ணீர்ச் சூடு, ஆயில் பிரஷர், கடைசியாக அடித்த பெட்ரோல் ரோன் 95-ஆ 97-ஆ. ரோன் 97-க்கு டியூன் செய்த டர்போ காரில் அவசரத்துக்கு 95 அடித்து முழு பூஸ்ட் கொடுத்திருந்தால், அதுவே காரணமாக இருக்கலாம். இசியு (இஞ்சின் கணினி) பதிவு இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

படி 2: ஆயிலும் ஃபில்டரும்

ஆயிலைச் சுத்தமான பேசினில் இறக்கி, வெயிலில் வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பால் கலந்த மைலோ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறது. அப்படி ஊற்றும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

அடுத்து ஃபில்டரை வெட்டித் திறக்க வேண்டும். ஹேக்ஸா வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர் வாங்குங்கள். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு: ரிங், கேம், ஆயில் பம்ப், கிராங்க் இவற்றில் ஒன்று. ஒட்டாமல் சாம்பலாகவோ செம்பு நிறத்திலோ மினுக்கினால் பெரும்பாலும் பேரிங்.

பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது எஸ்.டபிள்யூ 305 என்ற அட்டவணைக் கழிவு. தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: கம்ப்ரஷன்

அடியில் தட்டல் இருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். தட்டல் இல்லை, புகையும் இழுவைக் குறைவும்தான் என்றால் மட்டும் செய்யுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, திராட்டலை முழுசாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, அதன் முள் நிற்கும்வரை சுற்றவிடுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடியும் பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டர் துளை), ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: ஆயில் பேனை (இஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) திறந்து பேரிங்கைப் படிப்பது

இங்கே அவசரப்படவே கூடாது. கார் ஜாக்கில் மட்டும் நிற்காமல் ஸ்டாண்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே போங்கள். பேனைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலை.

கெப்போங்கில் ஒரு தம்பி 4ஜி63 கட்டியிருந்தார். "அண்ணே, ஆயில் பம்ப் போயிருச்சு போல, புதுசு ஆர்டர் பண்ணவா?" என்று கேட்டார். பேனை இறக்கினோம். ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கக் கறுப்பு சிலிகான் புழுக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. நகத்தால் சுரண்டினால் ரப்பர் மாதிரி நீண்டு வந்தது. பேனுக்குப் பூசிய கேஸ்கெட் சிலிகான் உள்பக்கம் பிதுங்கி, உடைந்து, வலையை அடைத்திருந்தது. பம்ப் நன்றாகத்தான் இருந்தது, குடிக்க ஆயில்தான் வரவில்லை. சிலிகானை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அடுத்து ராட் கேப்களை (ராடின் அடி மூடிகளை) ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஓர் அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி, பேரிங்கின் மேல் பாதி மேலே, கீழ்ப் பாதி கீழே என்று அதே வரிசையில் வையுங்கள். வரிசை கலைந்தால் சாட்சியும் கலைந்துவிடும்.

எல்லா பேரிங்கும் ஒரே மாதிரி தேய்ந்து செம்பு தெரிந்தால் ஆயில் பஞ்சம். பளபளப்பான மேற்பரப்பில் கீறல்களும் பதிந்த துகள்களும் இருந்தால் அழுக்கு. போரை ஹோன் செய்த (கல்லால் தேய்த்துச் சீராக்கிய) தூளைப் பிளாக்கிலிருந்து சரியாகக் கழுவவில்லை என்று பொருள். மேல் ராட் பேரிங் மட்டும் அடிவாங்கி, கீழ்ப் பேரிங் நன்றாக இருந்தால் நாக்கிங் (சிலிண்டரில் பெட்ரோல் கண்டபடி வெடிப்பது), அதனால் பெட்ரோல், டைமிங், பூஸ்ட் பக்கம் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கலாம், கேப் மாறியோ திரும்பியோ மாட்டியிருக்கலாம். பேரிங்கின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளி மட்டும் பளபளத்தால் அதன் பின்னால் தூசி மாட்டியிருந்திருக்கிறது.

படி 5: அளந்து பார்ப்பது

பேரிங் இடைவெளிக்குப் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை போதும். ஜர்னலில் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) வைத்து, கேப்பைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பொது விதி: ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 4ஜி63-இன் 45 மி.மீ. ராட் ஜர்னலுக்கு ஏறக்குறைய 0.045 மி.மீ.

பிஸ்டனின் ரிங் மேடை (ரிங்குகளுக்கு நடுவிலுள்ள பகுதி) உடைந்திருந்தால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். டர்போ சூட்டில் ரிங் விரிந்து இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். சாதாரண இஞ்சினுக்கு ஒரு மி.மீ. போருக்கு 0.004 மி.மீ. என்றால், டர்போவுக்கு 0.005 முதல் 0.006 வரை வைப்பார்கள். பிஸ்டனோடு வரும் தாளில் உள்ள அளவே முடிவானது.

4ஜி63-இல் பேலன்ஸ் ஷாஃப்டை (அதிர்வைக் குறைக்கும் தண்டு) எடுத்துவிட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த ஷாஃப்ட் பேரிங்கைத் திருப்பி அடித்து ஆயில் துளையை மூட வேண்டும். மூடாவிட்டால் ஆயில் அங்கேயே வழிந்து, பிரஷர் இறங்கிவிடும்.

படி 6: எதை வைத்துக்கொள்வது

கிராங்கை மெஷின் ஷாப்பில் அளந்து, தேவைப்பட்டால் அரைத்து, அதற்கேற்ற தடிமனான அண்டர்சைஸ் பேரிங் போடலாம். ஆனால் ஆயில் கூலரை மாற்றியே ஆக வேண்டும். அதன் குறுகிய வழிகளில் மாட்டிய உலோகத் தூளைக் கழுவி எடுக்க முடியாது. டர்போவின் ஆயில் குழாயையும் அதேபோல் மாற்றுங்கள். பிளாக்கின் ஆயில் வழி பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டு, சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணி அழுக்காகாமல் வரும்வரை துடையுங்கள். கழுவிய கையோடு ஆயில் தடவுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஹோன் செய்த போர் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

பிளாக்கே மாறினால் இஞ்சின் எண்ணும் மாறும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் சோதனையும் இல்லாமல் சாலையில் ஏற்றாதீர்கள், இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

படி 7: மறுபடியும் ஓடவிடுவது

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை போல்ட் என்றால் பழையதைப் போடாதீர்கள். டார்க் (போல்ட்டை முறுக்கும் விசை) அளவு பார்க்கும்போது அது ஆயில் தடவியா, போல்ட்டோடு வரும் கிரீஸ் தடவியா என்று படியுங்கள். இரண்டுக்கும் அளவு வேறு.

பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, மெக்கானிக்கல் கேஜில் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ஏறாவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடத் தொடங்கிய பிறகு, சூடான இஞ்சினில் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுவான கணக்கு.

ரிங் உட்கார மினரல் ஆயில் ஊற்றுங்கள். நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், மிதமான லோடில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை மறுபடியும் வெட்டிப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் நுண்தூள் இருப்பது சகஜம். அடுத்த ஆயில் மாற்றத்திலும் செம்பு நிறம் மினுக்கினால் பூஸ்டைக் கூட்டாமல் பேனைத் திறந்துவிடுங்கள்.