ஈ1 இணைப்பை நிறுவுதல்: குறிப்புத்தாள், கேபிள், குளொக்

கொழும்பின் புதிய கட்டடங்களுக்குக் கண்ணாடியிழை நேரடியாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆயினும் அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்து இணைக்கும் பழைய பிபிஎக்ஸ் தொலைபேசிப் பரிமாற்றியைக் கைவிட மனமில்லாத அலுவலகங்களுக்கு, இழையின் முனையில் ஒரு மாற்றிப் பெட்டியைப் பொருத்தி, அதிலிருந்து ஈ1 இணைப்பைத் தருவதை இன்றும் காண்கிறோம். அந்தப் பெட்டிக்கும் பரிமாற்றியின் ஈ1 அட்டைக்கும் இடையிலுள்ள மூன்று மீற்றர் கேபிளில்தான் நிறுவுபவரின் நாள் முழுவதும் கழிகிறது.

ஈ1 என்பது செக்கனுக்கு 2.048 மெகாபிட் வேகமுடைய இலக்கமுறை இணைப்பாகும். அது ஒவ்வொன்றும் 64 கிலோபிட் கொண்ட 32 காலத்துண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 32 துண்டுகளும் ஒரு முறை வந்து முடியும் சுற்றே சட்டகம் எனப்படுகிறது. 0ஆம் துண்டு சட்டக ஒழுங்கிற்கும், தொலைபேசி இணைப்பில் 16ஆம் துண்டு அழைப்பை ஏற்படுத்தும் சமிக்ஞைக்கும் போக, பேச்சுக்கு 30 எஞ்சும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்குவது 24 துண்டுகளும் 1.544 மெகாபிட் வேகமும் கொண்ட வேறொரு முறையாகும். ஆகவே வெளிநாட்டில் பாவித்த அட்டையை மலிவு விலைக்கு வாங்குபவர், அது ஈ1இற்கு மாற்றக்கூடியதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைத் தொடுவதற்கு முன் சேவை வழங்குநரிடமிருந்து எழுத்தில் ஒரு குறிப்புத்தாளைப் பெறுங்கள். முனை 120 ஓம் இரட்டைக் கம்பியா அல்லது 75 ஓம் கோஅக்சியலா, பிட்டுகளை மின்துடிப்புகளாக்கும் குறியீட்டு முறை எச்டிபி3தானா, சட்டகத்தில் சிஆர்சி4 என்னும் பிழைச் சரிபார்ப்பு உண்டா இல்லையா, எத்தனை காலத்துண்டுகள் திறக்கப்பட்டுள்ளன, பிட்டுகளின் வேகத்தைத் தீர்மானிக்கும் நேரத் துடிப்பான குளொக்கை யார் தருகிறார் என்பவை அதில் இருக்க வேண்டும். "எல்லாம் வழமையானதுதான்" என்று தொலைபேசியில் சொல்லப்படும் பதிலை ஏற்க வேண்டாம்; வழமை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு பக்கம் 75 ஓமும் மறுபக்கம் 120 ஓமும் எனத் தெரியவந்தால், இடையில் பேலன் என்னும் சிறு மாற்றியைப் பொருத்த வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டு விடயங்கள் போதும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலை நோக்கிய அறைகளில் உப்புக்காற்று செப்பு முனைகளை விரைவில் பச்சை பிடிக்கச் செய்வதால், கருவிகளை மூடிய பெட்டகத்தில் வைப்பது நல்லது. அத்துடன் பரிமாற்றியை மட்டும் யுபிஎஸ்ஸில் செருகிவிட்டு, மாற்றிப் பெட்டியைச் சுவரிலுள்ள சாதாரண மின்செருகியில் விட்டுவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் பரிமாற்றி உயிரோடும் இணைப்பு இறந்தும் கிடந்த அலுவலகங்கள் இதை நன்கறியும்.

இனி கேபிள். ஈ1 முனை பார்வைக்கு ஈதர்நெட் முனை போலவே எட்டு ஊசிகளைக் கொண்டது. ஆனால் உள்ளே ஒழுங்கு வேறு. பரிமாற்றியின் பக்கத்தில் 1, 2 ஊசிகள் பெறுவதற்கும், 4, 5 ஊசிகள் அனுப்புவதற்கும் உரியவை. வழங்குநரின் பெட்டி இதற்கு நேர்மாறாக அமைந்திருந்தால், கடையில் வாங்கும் நேர்க்கேபிளே போதுமானது. இரு பக்கமும் ஒரே அமைப்பாயின் குறுக்குக் கேபிள் தேவை. ஈதர்நெட்டுக்கான குறுக்குக் கேபிள் இங்கு உதவாது, ஏனெனில் அது 1ஐ 3உடனும் 2ஐ 6உடனும் மாற்றுகிறது. நமக்கு வேண்டியது 1ஐ 4உடனும் 2ஐ 5உடனும் மாற்றுவது. ஒரு சோடிக்குள் இரு கம்பிகளும் இடம்மாறிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. எச்டிபி3 மின்முனைத் திசையைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு சோடியின் கம்பி மற்றச் சோடியோடு கலந்துவிட்டால் இணைப்பு தடுமாறும்.

கேபிளைச் செருகியதும் விளக்குகளைப் பாருங்கள். சமிக்ஞை இழப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், வழங்குநரின் பக்கத்திலிருந்து எதுவும் வந்து சேரவில்லை; கேபிளையோ சோடியையோ சந்தேகிக்க வேண்டும். சமிக்ஞை வந்தும் சட்டகம் பிடிபடவில்லை என்றால், பெரும்பாலும் சிஆர்சி4 விடயத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. மறுமுனை எச்சரிக்கை என்ற விளக்கு மட்டும் எரிந்தால், நாம் கேட்பது சரி, நம்மை அவர்கள் கேட்கவில்லை என்று பொருள். அனுப்பும் சோடியைப் பாருங்கள்.

எல்லா விளக்கும் பச்சையாகிவிட்ட பிறகும் வேலை முடியவில்லை, குளொக் எஞ்சியிருக்கிறது. வழங்குநரின் வலைப்பின்னலே குளொக்கைத் தர வேண்டும். பரிமாற்றி அதை இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் தத்தம் உட்குளொக்கில் ஓடினாலும் விளக்கு பச்சையாகவே இருக்கும், அழைப்பும் போகும். ஈ1இற்கு அனுமதிக்கப்பட்ட விலகல் மில்லியனில் 50 பகுதி. அந்த எல்லைக்கு விலகினால், செக்கனுக்கு ஏறத்தாழ 102 பிட் முந்தும் அல்லது பிந்தும். ஒரு சட்டகம் 256 பிட் என்பதால், ஏறக்குறைய இரண்டரைச் செக்கனுக்கு ஒரு சட்டகம் நழுவும். பேசுபவர் இடையிடையே ஒரு 'டிக்' ஒலியைக் கேட்டு அதைப் பெரிதுபடுத்த மாட்டார். தொலைநகலோ பாதியில் அறுந்துவிடும்.

இதை நான் என் தவறால்தான் கற்றேன். வெள்ளவத்தையில் ஓர் அலுவலகத்தில், 1ஐ 4உடனும் 2ஐ 5உடனும் இணைத்து, அட்டை அனுப்புவதை அதற்கே திருப்பித் தரும் வளையச் செருகியைப் பொருத்தி அட்டையைச் சோதித்தேன். வளையத்தில் வெளியிலிருந்து குளொக் வராது என்பதால், சோதனைக்காக மட்டும் உட்குளொக்குக்கு மாற்றியிருந்தேன். சோதனை சித்தியடைந்த மகிழ்ச்சியில் திருப்பி மாற்ற மறந்து வீடு திரும்பினேன். மறுநாள் காலை முதல், தொலைநகல் வேலை செய்யவில்லை என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. நானோ மதியம் வரை தொலைநகல் இயந்திரத்தையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வளையச் செருகியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, "குளொக்" என்று எழுதிய துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இறுதியாகப் பிழைக் கணக்குகளைச் சுழியமாக்கிவிட்டு ஒரு முழு நாள் காத்திருங்கள். பல கருவிகள் பிழைகளை 15 நிமிடத் துண்டுகளாகப் பதிவதால், 24 மணித்தியாலத்தில் 96 பதிவுகள் கிடைக்கும். பிழை எல்லாத் துண்டிலும் சீராகப் பரந்திருந்தால் குளொக் அமைப்பை மீண்டும் சரிபாருங்கள். மாலையில் மட்டும் கூடினால், கேபிளின் அருகே ஓடும் குளிரூட்டியின் மின்கம்பியை நகர்த்துங்கள்.