உங்கள் பச்சோந்திக்கு உடம்பு சரியில்லையா? பார்த்தே தெரிந்துகொள்வது எப்படி

பகல் வேளையில் உங்கள் பச்சோந்தி கண்ணை மூடியபடி கிளையில் உட்கார்ந்திருந்தால், மேலே படிப்பதை நிறுத்திவிட்டு, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவருக்கு முதலில் போன் பண்ணுங்கள். நலமாக இருக்கும் பச்சோந்தி விளக்கு அணைந்த பிறகுதான் தூங்கும். பகல் முழுக்க அதன் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், ஒன்று உங்களைப் பார்த்தால் இன்னொன்று மேலே பறக்கும் ஈயைத் தேடும். என் வள்ளி நடுப்பகலில் கண்ணை மூடியபோது, இதமாகத் தூங்குகிறாள் என்று நினைத்து மூன்று நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் அவள் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்த மூன்று நாட்களை நினைத்துத்தான்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில். வளர்ப்பது வெய்ல்டு கமேலியன், தலையில் கொண்டை மாதிரி கூம்பு உயர்ந்து நிற்குமே அந்த இனம். ஏமனும் சவூதி அரேபியாவும் அதற்குச் சொந்த ஊர். மடகாஸ்கரின் பாந்தர் வகையை வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் தோட்டத்து வேலியில் கிடைக்கும் நம்மூர்க் குட்டிப் பச்சோந்தியைப் பிடித்துக் கூண்டில் போடாதீர்கள். குவாசுலு-நடாலில் அவற்றை அனுமதிச் சீட்டு இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, அதில் சில வகைகளுக்கு உலகத்தில் இந்த மாகாணத்தை விட்டால் வேறு இடமே இல்லை. வேலியில் பார்த்தால் ரசித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

பச்சோந்தி நோயை மறைக்கும் பிராணி. காட்டில் தளர்ந்து தெரிவதைத்தான் பறவை முதலில் கொத்தும் என்பதால், உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும் வரை ஒன்றும் நடக்காதது போலவே உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரிய வரும்போது நோய் தொடங்கி வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதனால் பொதுவான அறிகுறிகளை மனப்பாடம் செய்வதைவிட உங்கள் பிராணியின் வழக்கம் என்ன என்று தெரிந்து வைத்திருப்பதுதான் பயன்படும். எத்தனை மணிக்கு எழுந்து வெயில் காயும் கிளைக்கு வருகிறது, எந்தக் கிளையில் தூங்குகிறது, எத்தனை பூச்சி தின்றது, எப்போது எச்சம் போட்டது, இதையெல்லாம் ஒரு பழைய நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை, தீனிக்கு முன்னால், சமையலறை மின் தராசில் ஒரு குச்சியை வைத்து அதன்மேல் ஏற்றி எடை பாருங்கள். வளர்ந்த பச்சோந்தியின் எடை எந்தக் காரணமும் தெரியாமல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அது எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் சரி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி நிறத்துக்கு வருவோம், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கொள்கை மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டித் திட்டி, அது பின்னால் இருக்கும் பொருளின் நிறத்துக்கு மாறுகிறது என்றே நம்பிவிட்டோம். அது மாறுவது பெரும்பாலும் சூட்டுக்காகவும் மனநிலைக்காகவும்தான். பாந்தர் பச்சோந்தியின் தோலுக்குள் இருக்கும் நுண்ணிய குவானின் படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்; அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கிப் பச்சையாகத் தெரியும், கிளர்ச்சியடைந்தால் விலகி மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். ஆகவே காலையில் கறுத்து, உடம்பைத் தட்டையாக்கி விளக்கை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், சூடு வாங்குகிறது. இரவில் வெளுத்துப் போவதும் சரிதான். சூடேறிய பிறகும், மதியம் தாண்டியும், நாள் முழுக்கக் கறுத்தோ பழுப்படித்தோ இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்படிக் கறுக்கும்போது முதலில் கூண்டிலிருந்து அது எதைப் பார்க்கிறது என்று அதன் கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். எங்கள் வேலன் ஒரு வாரம் முழுக்கக் கறுத்து, கிளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்தான். எடை குறையவில்லை, எச்சம் சரியாக இருந்தது. கடைசியில் பார்த்தால் எதிர்வீட்டு மாமரத்தில் குரங்குக் கூட்டம் வந்து போய்க்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாக அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. திரைச்சீலை போட்டதும் இரண்டு நாளில் பச்சை திரும்பியது. ஹடீடா பறவை, நாய், கண்ணாடியில் தெரியும் தன் உருவம், பக்கத்துக் கூண்டில் இன்னொரு பச்சோந்தி, எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் தூக்கிக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் சூலு இனத்து அம்மாவுக்கு வேலனைக் கண்டாலே ஆகாது. மனிதருக்குச் சாவில்லை என்ற செய்தியோடு கடவுள் அனுப்பிய உன்வாபு, அதாவது பச்சோந்தி, வழியில் தாமதித்ததால்தான் பல்லி முந்திக்கொண்டு சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டது என்பது அவர்களின் பழங்கதை. அவர் தள்ளியே நிற்பதில் எனக்கு வருத்தமில்லை, வேலனுக்கும் அதுதான் வசதி.

வாயைத் திறந்து வைத்திருப்பதும் இதே மாதிரிதான், எங்கே எப்போது என்று பார்க்க வேண்டும். விளக்குக்கு நேர் கீழே திறந்திருந்தால் சூடு அதிகம் என்று பொருள். வெயில் காயும் கிளையில் ஆணுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போனால் விளக்கை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் கொண்டையின் உச்சி வெந்துவிடும். விளக்கிலிருந்து விலகி நிழலில் இருக்கும்போதும் மூக்கை மேலே தூக்கி, வாயைத் திறந்து, மூச்சு வாங்கும்போது கிளிக் கிளிக் என்று சத்தம் வந்தால், அல்லது வாயோரத்தில் நுரையோ சளியோ தெரிந்தால், அது நுரையீரல் தொற்று. இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. நமக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை உடைத்துக் கொடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், தயவுசெய்து வேண்டாம். டர்பனின் ஈரக் காற்றில், கண்ணாடித் தொட்டியில் காற்றோட்டமில்லாமல் வைத்து நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தால் இது வர வாய்ப்பு அதிகம். வலைக்கூண்டு வாங்குங்கள், ஒரு தெளிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இலைகள் காய விடுங்கள்.

அடுத்தது எலும்பு. மருத்துவர்கள் மெட்டபாலிக் போன் டிசீஸ் என்பார்கள். முன்னங்கால் நேராக இருக்க வேண்டிய இடத்தில் வில்லாக வளையும், கிளையைப் பிடிப்பதற்குப் பதில் தன் காலையே பிடித்துக்கொள்ளும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், கை நடுங்கும், அடிக்கடி விழும், நாக்கு பாதி தூரம்கூட நீளாது. மெதுவாக முன்னும் பின்னும் ஆடி ஆடி நடப்பது இதில் சேராது, அது காற்றில் அசையும் இலை போல நடிப்பது, பிறவிக் குணம். வளைந்த எலும்பு பழையபடி நிமிராது, மேலும் வளையாமல் தடுக்க மட்டும்தான் முடியும். அதனால்தான் எனக்கு இதில் கோபம் வருகிறது, ஏனென்றால் எலும்பு இப்படிப் போவது பெரும்பாலும் நாம் வைத்த விளக்கால்தான். வள்ளியை விற்றவர் சாதாரண பல்பு ஒன்றே போதும் என்று சொல்லிக் கொடுத்தார், நானும் நம்பினேன். யூவிபி என்ற புற ஊதா ஒளி இல்லாமல் பச்சோந்தியின் உடம்பு டி3 வைட்டமினைத் தயாரிக்காது, டி3 இல்லாமல் கால்சியம் எலும்புக்குப் போகாது, எலும்பில் இருப்பதையும் உடம்பு உருவி எடுத்துக்கொள்ளும். டி5 என்று விற்கும் நீளமான, மெல்லிய யூவிபி டியூப் லைட் போடுங்கள், சுருள் பல்பு வேண்டாம். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் உள்ளே யூவிபி தீர்ந்துவிடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள், மாற்றிய தேதியை டியூப்பிலேயே பேனாவால் எழுதி வைப்பது என் பழக்கம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். நம் நாட்டு வெயிலுக்கு ஈடான விளக்கு கிடையாது, ஆகவே வலைக்கூண்டோடு காலை நேரத்தில் வெளியே வையுங்கள், பாதி நிழலோடு, நீங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு, குரங்கும் ஹடீடாவும் இருக்கும் ஊர் என்பதை மறக்காமல். பூச்சிகளின் மேல் ஒவ்வொரு முறையும் டி3 சேராத கால்சியம் பொடியைத் தூவுங்கள்; டி3 சேர்ந்ததும் மல்டிவைட்டமினும் மாதம் இரண்டு தடவை போதும். அதிகமானாலும் கெடுதல்தான், கழுத்தைச் சுற்றி நீர்ப்பை மாதிரி வீங்கினால் மருந்துப் பொடியின் அளவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் சமயத்தில், சில மணி நேரம் விளக்கில்லாமல் போனதற்குப் பதற வேண்டாம். இரவில் 18 டிகிரிக்கு இறங்குவது வெய்ல்டுக்கு நல்லதுதான். சிவப்பு பல்பை இரவெல்லாம் எரிய விடுவதுதான் தொல்லை, தூக்கம் கெடும்.

பெண் பச்சோந்தி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆணே இல்லாவிட்டாலும் வெய்ல்டு பெண் முட்டை வைக்கும். அஞ்சு ஆறு மாத வயதிலேயே தொடங்கிவிடலாம், ஒரே தடவையில் 20 முதல் 70 முட்டை வரை. எனக்கு அது தெரியாது. வள்ளி தின்பதை நிறுத்தி, கூண்டின் தரையில் இங்குமங்கும் அலைந்து, பூந்தொட்டியை இரண்டு நாள் பிராண்டினாள். மலச்சிக்கல் என்று நினைத்தேன். தொட்டியில் ஆழம் போதவில்லை, தோண்ட இடமில்லாமல் கைவிட்டாள், அப்புறம் தரையிலேயே சோர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முட்டை உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு வாளி மணல். 30 சென்டிமீட்டர் ஆழமும் அதே அகலமும் உள்ள ஒரு தொட்டியில், கழுவிய மணலை விரலால் குடைந்தால் சுரங்கம் இடியாத அளவுக்கு ஈரமாக்கி, கூண்டுக்குள் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். உடம்பு கறுத்து நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தால் நாள் நெருங்குகிறது. தோண்டும்போது எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் வெளியே வந்துவிடும், கூண்டை ஒரு துணியால் மறைத்துவிடுங்கள். தோண்டிக் கைவிட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகி அவள் தளர்ந்து தெரிந்தால், எக்ஸ்ரே எடுத்துக் கால்சியம் ஊசியோ அறுவை சிகிச்சையோ செய்ய வேண்டியிருக்கும், மறுநாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். வளர்ந்த பெண்ணுக்கு வாரம் மூன்று நாள் மட்டும் அளவாகத் தீனி, வெயில் காயும் இடம் 27 டிகிரி என்று வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கையே குறைகிறது.

எச்சத்தைத் தினமும் பாருங்கள். பழுப்புப் பகுதியோடு ஒரு வெள்ளைப் பகுதி வரும், அதுதான் அதன் சிறுநீர். வெள்ளையாக, ஓரத்தில் லேசாக மஞ்சள் இருந்தால் நல்லது. முழுக்க ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை; கண்மேடு உள்ளே குழிந்திருந்தால் நிலைமை முற்றிவிட்டது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன், ஜூலையின் வறண்ட காற்றில் இது சட்டென்று வரும். கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி கண்டுகொள்ளாது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். அடியில் ஊசி முனை அளவு துளை போட்ட பிளாஸ்டிக் கோப்பையைக் கூண்டின் மேல் வைத்தாலே போதும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எச்சம் தண்ணீராக, கடுமையாக நாறினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தின்ன மறுப்பது எப்போதும் நோயல்ல. வளர்ந்தது இரண்டு நாளுக்கு ஒருமுறை தின்றால் போதும், ஒரே சுவர்க்கோழியை மாதக்கணக்கில் போட்டால் அதற்கும் சலித்துவிடும். புரட்டாசி விரதம் நடக்கும் நாட்களில்தான் இங்கே மல்பெரி துளிர்க்கிறது, தெருப் பிள்ளைகள் எல்லாரும் செருப்புப் பெட்டியில் பட்டுப்புழு வளர்ப்பார்கள். அதில் பத்து கேட்டு வாங்குங்கள், வேலன் அதற்காகக் கூண்டுக் கதவருகே வந்து நிற்பான். பூச்சி மருந்து அடித்த தோட்டத்துப் பூச்சி மட்டும் வேண்டாம். குறி வைத்து நாக்கை வீசித் தவறவிட்டுக்கொண்டே இருந்தால் அது சலிப்பில்லை. கண்ணிலோ நாக்கிலோ எலும்பிலோ கோளாறு.

தோல் துண்டு துண்டாக உரிவது, மாலையில் கண்ணை உப்ப வைத்துக் கிளையில் தேய்ப்பது, இரண்டும் இயல்பு. மறுநாளும் ஒரு கண் மட்டும் வீங்கியே இருந்தாலோ, மூட்டுகள் புடைத்திருந்தாலோ, தாடையோரத்தில் மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலோ அந்த வாரமே காட்டுங்கள்.

மருத்துவரைத் தேடும்போது நாய் பூனை மட்டும் பார்ப்பவரா, ஊர்வனவும் பார்ப்பவரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் பக்கம் இருப்பவர்களுக்கு பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கே பறவைகளுக்கும் அயல்நாட்டுப் பிராணிகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் ஒரு குச்சியைக் குறுக்கே பொருத்தி, அதில் பிடித்து உட்காரும்படி வைத்து, மூடி இருட்டாகக் கொண்டுபோங்கள், இருட்டில் அமைதியாக இருக்கும். கூண்டின் படம், விளக்கு டப்பாவின் படம், மருந்துப் பொடி டப்பாவின் படம், எடை எழுதிய நோட்டு, அன்றைக்குக் காலையில் போட்ட எச்சம் ஒரு சின்ன டப்பாவில், இவ்வளவும் கையில் இருக்கட்டும். எச்சம் காய்ந்துவிட்டால் பரிசோதிக்க முடியாது, அதனால் டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.