பிரைத்வெய்ட் லாயத்தில் குதிரை திருடுவது எப்படி? தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கு

2018-இல் வெளியான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமின் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் ‘ஹார்ஸ் ஃபிளெஷ் ஃபார் டின்னர்’ மிஷனில் புதியவர்கள் பலர் தடுமாறுவதற்குக் காரணம், துப்பாக்கிச் சண்டைக்கு மட்டும் ஆயத்தமாகி, குதிரையோட்டத்தை மறந்துவிடுவதுதான். கீழே சொல்லப்படும் பட்டன்கள் பிளேஸ்டேஷனுக்கு உரியவை.

முதலில் ரோட்ஸ் ஊருக்கு அருகிலுள்ள காலிகா ஹால் மாளிகைக்குச் சென்று டாவிஷ் கிரேயைச் சந்தியுங்கள். கிரே குடும்பத்துக்கும் பிரைத்வெய்ட் குடும்பத்துக்கும் தீராப் பகை. எதிராளியின் உயர்சாதிக் குதிரைகள் 5,000 டாலர் பெறும் என்று அவர் ஆசை காட்டுவார். நீங்கள் இயக்கும் நாயகன் ஆர்தருடன் அவர் கும்பலைச் சேர்ந்த ஜானும் ஹாவியரும் வருவார்கள்.

அடுத்து, லாயத்துக்குள் நுழையும்வரை துப்பாக்கியை உறையிலேயே வைத்துக்கொண்டு, திரையில் தோன்றும் குறிப்புகளை மட்டும் பின்பற்றுங்கள்.

குதிரையில் ஏறியதும்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. உங்களோடு பழக்கமில்லாத அக்குதிரை, வேட்டுச் சத்தம் கேட்டால் மிரளும். அது காதைப் பின்னுக்கு மடித்துத் தலையை உதறுவதைக் கண்டவுடன் இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்துங்கள், ஆர்தர் கழுத்தைத் தட்டி அமைதிப்படுத்துவார். வேகத்துக்கு எக்ஸ் பட்டனைக் கண்மூடித்தனமாகத் தட்டாமல் குளம்படியின் தாளத்துக்கு ஒத்துத் தட்டினால் குதிரையின் தெம்பு நெடுநேரம் நிற்கும். மரங்களுக்கிடையே குறுக்குவழி தேடாதீர்கள். நான் முதல்முறை அப்படித்தான் ஒரு மரத்தில் மோதி, ஆர்தர் ஒரு பக்கமும் குதிரை ஒரு பக்கமுமாக விழுந்தேன்.

துரத்துபவர்கள் நெருங்கினால் எல்2 பட்டனால் குறிவைத்து, வலது ஸ்டிக்கை அழுத்தி டெட் ஐ திறனை இயக்கினால் காலம் மெதுவாகும். ஓடும் குதிரையிலிருந்து சுடும் பதற்றம் பாதியாகக் குறையும்.

குதிரைகளைக் கிளெமென்ஸ் கோவ் கரையில் இருக்கும் திருட்டுக் குதிரை வியாபாரியிடம் ஒப்படைத்தால், சொன்ன 5,000 எங்கே என்று கேட்கத் தோன்றும்: அவர் தருவது 700 டாலர்தான். ஆனால் அதன்பின் அந்த இடம் உங்களுக்குத் திறந்தே இருக்கும். உரிமைப் பத்திரமில்லாத குதிரைகளுக்கு ஊர் லாயங்களில் அடிமாட்டு விலைதான் கிடைக்கும் என்பதால், வழியில் பிடிக்கும் குதிரைகளை இங்கேயே கொண்டுவந்து விற்கலாம்.