கடற்கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக் குருணையை ஆய்வுக்குப் பொறுக்குவது எப்படி?

கடல்நீரில் பிசிபி (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த வேதிப்பொருள்), டிடிடி (பூச்சிக்கொல்லி) போன்ற நஞ்சுகள் லிட்டருக்கு நானோகிராம் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில், பல இடங்களில் அதற்கும் கீழேதான் இருக்கும். தண்ணீரை மொண்டு வந்து அளப்பது பெரிய ஆய்வகங்களுக்கே தலைவலி. ஆனால் பிளாஸ்டிக் பொருள் செய்ய மூலப்பொருளாகப் போகும் குருணை, ஜவ்வரிசி மாதிரி இருக்குமே, அது கடலில் மிதக்க மிதக்க இந்த நஞ்சுகளை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது. சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு வரைக்கும் சேர்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-ல் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹிதேஷிகே தகாதா 2005-ல் தொடங்கியதுதான் இன்டர்நேஷனல் பெல்லட் வாட்ச்: உலகெங்கும் மக்கள் பொறுக்கி அனுப்பும் குருணையை டோக்கியோவில் சோதிக்கிறார்கள்.

சரி, பொறுக்குவோம். அலை கடைசியாக ஏறி விட்டுப்போன குப்பைக் கோட்டில் குனிந்து தேடுங்கள், நூறு இருநூறு கிடைத்தால் போதும். கையில் சன்ஸ்கிரீனோ தேங்காய் எண்ணெயோ இருந்தால் அதுவும் குருணையில் ஏறி அளவைக் கெடுத்துவிடும், அதனால் சோப்புப் போட்டுக் கழுவிய கை அல்லது எவர்சில்வர் இடுக்கி. பிளாஸ்டிக் பை வேண்டாம். அலுமினியத் தாளில் மடித்துக் காகித உறையில் போட்டு, எந்தக் கரை, எந்தத் தேதி என்று அங்கேயே எழுதிவிடுங்கள் (வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் நிச்சயம் மறக்கும்). ஐஸ் எல்லாம் தேவையில்லை, சாதாரணத் தபாலே தாங்கும்.

முக்கியமாக, மஞ்சள் ஏறியதை விடாதீர்கள். உறிஞ்சுவது மெதுவாக நடக்கும் வேலை, பளிச்சென்று வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் புதுசு. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபின் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கிய குருணை அப்படித்தான். அதைப் பழையதோடு கலந்து அனுப்பினால் நம் கடல் உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும், கலக்காமல் தனியாக மடித்துக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

ஆய்வகத்தில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகைக் குருணையை மட்டும் பிரித்து, ஐந்தைந்தாகச் சேர்த்து அளக்கிறார்கள், ஏனென்றால் ஒரே கரையில் கிடைத்த இரண்டு குருணைக்குள்ளேயே அளவு பல மடங்கு மாறும். முடிவு வந்ததும் பிசிபி எண்ணைப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத தொலைதூரத் தீவுகளில் பொதுவாக ஒரு கிராமுக்கு 10 நானோகிராமுக்குள் இருக்கும், பழைய தொழில் நகரங்களின் கரையில் நூற்றுக்கணக்கில் போகும்.