ஹோர்ன்ஹவுட் என்றால் கண்ணா, காலா?

காரைக்குடியில் இருந்துகொண்டு ஜெர்மன் விலைப்பட்டியல்களை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறேன். பாதப் பராமரிப்புக் கருவிகளின் பட்டியல் முதன்முறை வந்தபோது, நகவெட்டியும் அரமும்தானே என்று நினைத்துவிட்டேன். அதுதான் முதல் தவறு.

'ஹோர்ன்ஹவுட்ஹோபல்' என்ற சொல்லைப் பாருங்கள். அகராதியில் ஹோர்ன்ஹவுட்டுக்குக் கண்ணின் கார்னியாவும் இருக்கும், காலில் தடித்துப்போன தோலும் இருக்கும். அவசரத்தில் கார்னியா என்று எழுதினால், கண்ணைச் சீவும் கருவியை விற்பதாக ஆகிவிடும். ஜெர்மன் கூட்டுச்சொல்லை வாலிலிருந்து படிக்க வேண்டும். நமக்கு இது புதிதல்ல. நகவெட்டியில் பொருள் 'வெட்டி'தான், நகம் அதற்கு அடை. இங்கே வால் ஹோபல், அதாவது இழைப்புளி. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளை ஆசாரி இழைப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: பிளவில் சாய்வாக நிற்கும் பிளேடு, மெல்லிய படலமாகச் சீவி எடுக்கிறது. ஆங்கிலத்தில் 'காலஸ் ஷேவர்' என்றால் வாங்குபவருக்குப் புரியும்.

அடுத்து 'ஹ்யூனராவ்கெ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கோழிக்கண். கோழியும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். அது நம் கால் ஆணி, ஆங்கிலத்தில் கார்ன். இதையும் காலஸையும், அதாவது காய்ப்பையும், ஒன்றாக்கிவிடக் கூடாது. காய்ப்பு பரவலாகத் தடித்திருக்கும். ஆணிக்கு நடுவில் கெட்டியான முனை இருந்து, அழுத்தினால் குத்தும். கருவியும் வேறாகலாம்.

'நாகல்ட்ஸாங்கெ'யைப் பலர் ப்ளையர் என்றோ ஃபோர்செப்ஸ் என்றோ எழுதுகிறார்கள். அவை பிடிப்பவை. இது நகத்தை வெட்டுவது, ஆகவே நிப்பர். அதே கருவியின் விவரத்தில் 'டாப்பெல்ஃபேடர்' வரும். ஃபேடர் என்றால் இறகு, ஸ்பிரிங் இரண்டும்; இங்கே கைப்பிடிகளை விரித்து வைக்கும் இரட்டை ஸ்பிரிங். 'ஷெங்கல்' தொடையல்ல, கைப்பிடி. 'ரோஸ்ட்ஃப்ரை' என்றால் ஸ்டெயின்லெஸ், அவ்வளவுதான்.

'ஃப்ரேஸர்' பட்டறையில் மில்லிங் கட்டர். பாதப் பராமரிப்பில் பர், அதாவது சுழன்று தேய்க்கும் சிறு முனை. அதன் தண்டு 2.35 மி.மீ. ஜெர்மானியர் இதை 2,35 என்று கமா போட்டு எழுதுவார்கள். நம் கண் கமாவை ஆயிரம், லட்சம் பிரிக்கும் குறியாகவே பார்த்துப் பழகியது. கமாவை எடுத்துவிட்டால் தண்டு 235 மி.மீ. ஆகிவிடும்.

பாதப் பராமரிப்பாளரைக் குறிக்கும் 'போடோலோகெ'யில் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. ஜெர்மனியில் 2002 முதல் சட்டப் பாதுகாப்புள்ள தொழில்பெயர் அது, மருத்துவர் அல்லர். அமெரிக்காவில் போடியாட்ரிஸ்ட் என்றால் அறுவை சிகிச்சை வரை செய்பவர். அமெரிக்க வாசகருக்கு எழுதும்போது ஜெர்மன் பெயரை வைத்துக்கொண்டு, மருத்துவப் பாதப் பராமரிப்பாளர் என்று விளக்குவதே நேர்மை என்பேன்.

அப்புறம், எச்சரிக்கை வரிகள். 'இது சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றதல்ல' என்ற ஜெர்மன் வாக்கியத்தில் 'நிஷ்ட்' என்ற மறுப்பு பெரும்பாலும் கடைசியை ஒட்டித்தான் வந்து நிற்கும். வேகமாகப் படித்தால் விட்டுப்போகும். காலில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குப் பிளேடு கீறினாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். எங்கள் தெருவில் சர்க்கரை உள்ள ஆச்சிகள் பலர். அந்த வரி வரும்போது நான் வாய்விட்டுப் படித்த பிறகே எழுதுகிறேன்.